தானாக அணைந்த விளக்கு

என் காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், பதினாறு துளைகள் கொண்ட ஒரு சொருகுவாய் இருக்கிறது. பத்து வருடம் அந்தக் காரை ஓட்டிய பிறகுதான் அது அங்கே இருப்பது எனக்குத் தெரிந்தது. காட்டியவன் என் மச்சான். என் மனைவியின் ஒரே தம்பி.

செலண்டார் போகும் சாலையில் அவனுக்கு ஒரு வொர்க்‌ஷாப் இருந்தது. தகரக் கூரை, இரண்டு கார் நிற்கும் இடம், பின்னால் செம்பனை. நான் இருப்பது புக்கிட் காத்திலில், ஒரு தாமான் குடியிருப்பின் வரிசை வீட்டில். இடைநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நானும் அவனும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள்தாம். நான் படித்து வெளியேறினேன். அவன் பதினைந்து வயதில், பாரம் த்ரீ என்கிற மூன்றாம் படிவத்தில் தேறாமல் லாரி பழுது பார்க்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். இந்த மூன்றாம் படிவத்தை நான் பின்னால் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. மஞ்சள் நிறத்தில், சின்னக் குழாய் மாதிரி ஒரு படம். கார் நிற்கும்போது உடம்பு லேசாக உதறியது. மச்சானிடம் கொண்டுபோனேன். அவன் தன் ஸ்கேனரை அந்தச் சொருகுவாயில் மாட்டினான். அடுத்த நிமிடம் திரையில் ஓர் எழுத்தும் நான்கு எண்களும் வந்தன.

"பி சுழி மூணு சுழி ரெண்டு. ரெண்டாவது சிலிண்டர்ல நெருப்பு சரியா பிடிக்கல மாமா" என்றான்.

"அப்ப சிலிண்டர் போச்சா?"

"அய்யோ, அவ்ளோலாம் இல்லலா. இது சொல்றது எங்க வலிக்குதுன்னு மட்டுந்தான். ஏன் வலிக்குதுன்னு நாமதான் பாக்கணும்."

அரை மணி நேரம் பார்த்து, நெருப்புப் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றினான். உதறல் நின்றது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"இதயும் அணைச்சிரு" என்றேன்.

"பட்டன அமுத்துனா அணைஞ்சிரும் மாமா. நான் அமுத்த மாட்டேன். காடியே ஓடிப் பாத்து, சரியாப் போச்சின்னு அதுவா அணைக்கணும். அப்பத்தான் எனக்கும் தூக்கம் வரும், ஒங்களுக்கும் நம்பிக்க வரும். மூணு நாலு நாள் ஓட்டுங்க."

காரை எங்கள் பக்கம் காடி என்போம். அவன் வேலை செய்யும் முறை அது. வாடிக்கையாளர் எல்லோருக்கும் தெரியும். சிலர் கோபப்படுவார்கள், விளக்கோடு எப்படி ஓட்டுவது என்று. அவன் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவான்.

ஐந்தாம் நாள் காலை, காய்கறி வாங்கப் பாசாருக்குப் புறப்படும்போது விளக்கு எரியவில்லை. மனைவி முன் இருக்கையில் இருந்தாள். "பாத்தீங்களா எந்தம்பிய" என்றாள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் என் மனம் அந்த ஸ்கேனரிலேயே இருந்தது. கார் தன் குறையைத் தானே எழுதிவைத்துக்கொள்கிறது, கேட்டால் சொல்கிறது. நாற்பது வயதில் இப்படி ஒரு கருவி கிடைத்திருந்தால் வகுப்புக்கே கொண்டுபோயிருப்பேன். கைப்பேசியில் தேடினேன். கட்டைவிரல் அளவில், கம்பி இல்லாமல், கைப்பேசியோடு பேசும் ஸ்கேனர்கள் விற்பனையில் இருந்தன. மச்சானிடம் சொன்னேன்.

"வேணா மாமா" என்று சிரித்தான். "அத வாங்குனீங்க, அப்புறம் அக்காகூட பேசறத வுட்டுட்டு காடிகூட பேசிக்கிட்டு இருப்பீங்க."

வாங்கினேன். பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் பொட்டலம் வந்தது. சொருகினேன். அதில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது. கைப்பேசியில் ப்ளூடூத்தைத் திறந்து, கேட்ட நான்கு எண்ணைத் தட்டினேன். திரையில் வட்ட வட்டமாக முட்கள் எழுந்து ஆடின. எஞ்சின் சுழலும் வேகம், தண்ணீரின் சூடு, பேட்டரியின் அளவு. எனக்குப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நிற்பதுபோல் இருந்தது. பிறகு, 'குறைகள்' என்ற இடத்தைத் தொட்டேன்.

அதே எண் நின்றது. பி0302.

விளக்கு அணைந்துவிட்டது. எண் போகவில்லை. நான் அறிவியல் படித்தவன். முடிவுக்கு வருவதற்கு முன் காரணம் தேட வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொன்னவன். அந்தச் செயலியின் உதவிப் பக்கத்தைப் படித்திருந்தால் போதும். மச்சானுக்குத் தொலைபேசி போட்டிருந்தால் போதும். இரண்டையும் செய்யவில்லை. விளக்கை மட்டும் அணைத்து என்னை ஏமாற்றியிருக்கிறான் என்று எனக்குள் ஒன்று உடனே சொன்னது. அது அவ்வளவு சீக்கிரம் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் மனைவி எதற்கும் என்னைக் கேட்டுவிட்டு, பிறகு தம்பியையும் கேட்பாள். கூரை ஒழுகினாலும், மகளுக்கு வரன் வந்தாலும். படிக்காதவன் சொல்லுக்கு என் வீட்டில் இருந்த அந்த மதிப்பு என்னை வருடக்கணக்காக அரித்திருக்கிறது. அது அன்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

ஆயுத பூஜை அவன் வொர்க்‌ஷாப்பில் பெரிதாக நடக்கும். ஸ்பேனர்கள், ஜாக்கி, அவன் ஸ்கேனர் எல்லாம் மேசையில் சந்தனம் குங்குமத்தோடு இருக்கும். வாடிக்கையாளர்களின் கார்களும் லாரிகளும் சாலை ஓரம் வரை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம். தீபம் காட்டிய பிறகு பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி முன்னால் போக வேண்டும். என் கார்தான் எப்போதும் முதல் வண்டி. அக்கா வீட்டு வண்டி என்பதால்.

அன்று மச்சான் தட்டோடு வந்தபோது நான் காரில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசி கையில் இருந்தது. பக்கத்தில் ஒரு லாரி முதலாளி நின்றிருந்தார். எங்கள் தோட்டத்து ஆள்தான்.

"என்னா வாத்தியாரே, பூஜ நேரத்துல போனா? மககிட்ட பேசறீங்களா?" என்றார்.

"இல்லண்ணே, காடிகிட்ட பேசறேன்" என்றேன். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது என்று நினைக்கிறேன். இறங்கி, திரையை எல்லோருக்கும் காட்டினேன். "பாருங்க. எங்க மச்சான் சரி பண்ண காடி. நோவு உள்ளயே இருக்கு. வெளக்க மட்டும் அணைச்சிட்டாரு."

மச்சான் தட்டைக் கீழே வைக்கவில்லை. குனிந்து திரையைப் பார்த்தான்.

"இது பழசு மாமா. அது எழுதி வெச்சது. கொஞ்ச நாள் கெடக்கும், அப்புறம் அதுவே அழிச்சிரும்."

"எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"இல்ல மாமா. வெளக்கு அணைஞ்சது நான் அணைச்சதில்ல. அதான் சொல்றேன்."

"பாரம் த்ரீ தேறாதவன் எனக்கு சயன்ஸ் சொல்லித் தரான்" என்றேன். "காயில மாத்துனியா, தொடச்சி மாட்டுனியா? அக்கா வீட்டுக்காரனுக்கே இந்த வேலைன்னா மத்தவங்களுக்கு என்னா பண்ணுவ?"

யாரும் சிரிக்கவில்லை. லாரி முதலாளி, "வாத்தியாரே, வுடுங்கலா, நல்ல நாளு" என்றார். என் மனைவி காரின் மறுபுறம் கையில் பூவோடு நின்றாள். மச்சான் என் காரின் முன்புறத்தில் குங்குமம் வைத்தான். தீபம் காட்டினான். "எடுங்க மாமா. பழத்து மேல ஏத்துங்க" என்றான்.

நான் குனிந்து நான்கு சக்கரத்தின் கீழிருந்தும் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அவன் மேசையில், ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவியைக் காரில் ஏறச் சொல்லிப் புறப்பட்டேன்.

வழியில் அவள் கேட்டாள்: "நெஜமாவே உள்ள இருக்குதுங்களா?"

"நீயே பாரு" என்று கைப்பேசியைக் கொடுத்தேன். அவளுக்கு அந்த எழுத்தும் எண்ணும் என்ன சொல்கின்றன என்று தெரியாது. ஆனால் சிவப்பாக இருந்தது. "அவன் அப்படி செய்ய மாட்டானே" என்றாள். பிறகு, "நீங்க படிச்சவரு" என்றாள்.

அடுத்து வந்த நாட்களில், ஒவ்வொரு முறை காரை எடுக்கும்போதும் ஸ்கேனரைப் பார்ப்பேன். எண் இருக்கும். அவளிடம் காட்டுவேன். அழிப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அதை நான் தொடவில்லை. எனக்கு அது சாட்சியாக வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன் ஆயர் குரோவில் ஒரு பேரங்காடிக்குப் போனோம். அவள் உள்ளே போக, நான் கார் நிறுத்துமிடத்தில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல் 'குறைகள்' என்ற இடத்தைத் தொட்டேன். திரை பச்சையாக இருந்தது. எதுவும் இல்லை என்று வந்தது. மறுபடி தொட்டேன். ஸ்கேனரைப் பிடுங்கி மறுபடி சொருகித் தொட்டேன். எதுவும் இல்லை.

அப்போதுதான் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். குறை சரியானதும் சில ஓட்டங்களில் விளக்கு தானாக அணையும். ஆனால் குறையின் எண் நினைவில் இருக்கும். எஞ்சின் ஏறத்தாழ நாற்பது தடவை சூடேறி ஆறி, அந்தக் குறை ஒருமுறைகூட திரும்பி வராவிட்டால், கார் அதைத் தானே அழித்துவிடும். ஐந்தாறு வரிகள். என் மாணவன் எவனும் புரிந்துகொள்வான். மூன்றாம் படிவம் தேறாத ஒருவன் குங்குமத் தட்டோடு நின்று அதைத்தான் என்னிடம் சொன்னான்.

மனைவி தள்ளுவண்டியோடு வந்தாள். முறுக்கு மாவு, நெய், தம்பி வீட்டுக்கு என்று தனியாக ஒரு பலகாரப் பெட்டி. பொருட்களைப் பின்னால் வைத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். என் கையில் கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னும் இருக்கா?"

நான் கைப்பேசியைத் தொடையில் கவிழ்த்து வைத்தேன்.

"இருக்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் நான் இங்கே ஒப்புக்கொள்ள வந்தேன். பூஜை நாளில் சொன்னது ஆத்திரத்தில் சொன்னது, தெரியாமல் சொன்னது. அதற்கு ஒரு மன்னிப்பு இருந்திருக்கலாம். இது தெரிந்து சொன்னது.

அன்று மாலை அவள் தம்பியை அழைத்தாள். நான் கூடத்தில் இருந்தேன். அவள் சமையலறையிலிருந்து பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது. "நீ தப்ப ஒத்துக்கடா. அவரு நெதம் பாக்கறாரு, இன்னும் இருக்குன்னு காட்டுது. அவரு பொய்யா சொல்லுவாரு? ஒரு வார்த்த மன்னிச்சிருங்க மாமான்னு சொல்லிட்டு தீபாவளிக்கு வா. இல்லன்னா வராத." அந்தப் பக்கம் அவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு அவள் குரல் உயர்ந்தது. "பொய் சொல்லி வேல செய்யறவன் எனக்குத் தம்பியே இல்ல."

அவன் தீபாவளிக்கு வரவில்லை. பலகாரப் பெட்டி எங்கள் மேசையிலேயே இருந்து, பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனது.

அடுத்த ஒரு வருடத்தில் நான் உண்மையைச் சொல்ல எத்தனையோ வேளைகள் வந்தன. ஒவ்வொரு முறையும் அது முன்னைவிடப் பெரியதாகத் தெரிந்தது. முதல் வாரம் சொல்லியிருந்தால் ஒரு தவறு. ஆறாம் மாதம் சொன்னால் ஆறு மாதப் பொய். அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். காரை வேறு ஒரு பட்டறையில் விட்டேன். அவள் பிறந்த வீட்டுப் பக்கம் யாராவது போனால், "எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்பாள். அப்பாவும் அம்மாவும் இல்லாதவளுக்கு அந்த ஒருவன்தான் பிறந்த வீடு.

அடுத்த ஆயுத பூஜைக்கு நாங்கள் செலண்டார் போகவில்லை. வீட்டு வாசலில் நானே சூடம் கொளுத்தினேன்.

அந்தச் சமயத்தில் மகளின் கல்யாணம் தை மாதத்துக்கு நிச்சயமானது. எங்களில் முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் சேர்ந்துபோய், தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். மாலை எடுத்துக் கொடுப்பதும் மணவறைக்கு அழைத்துப் போவதும் அவன். மனைவி சாமி மேடையில் தாம்பாளத்தை எடுத்து வைத்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பத்திரிகை.

"தப்பு அவன் பேர்லயே இருக்கட்டுங்க" என்றாள். "நாம போய் கூப்புடுவோம். அவன் மன்னிப்புலாம் கேக்க வேணாம். நான் பேசுனதுக்கு நான் கேட்டுக்கறேன்."

"சனிக்கிழம போவோம்" என்றேன்.

சனிக்கிழமை எனக்குத் தலைவலி என்றேன். அடுத்த சனிக்கிழமை மண்டபக்காரரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவன் முன்னால் போய் நின்றால் அவன் அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான், அவள் பக்கத்தில் இருப்பாள். என் பயம் அவ்வளவுதான். தாம்பாளத்தில் வெற்றிலை வாடும். அவள் மாற்றுவாள். மூன்று முறை மாற்றினாள்.

நான்காம் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை பத்து மணி வாக்கில், அவன் மனைவி தொலைபேசியில் அழைத்தாள். ஒரு வண்டியின் கீழிருந்து எழுந்து வந்து, தண்ணீர் கேட்டு, உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டான். ஐம்பத்தெட்டு வயது.

நாங்கள் போனபோது அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். விரல் நகங்களில் கறுப்பு எண்ணெய் போகவில்லை. யாரோ நெடுநேரம் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். என் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா திட்டுனேன், என்னா திட்டுனேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேறு எதுவும் சொல்லி அழவில்லை.

எடுப்பதற்கு முன், "மாமன் மச்சான் கோடி போடுறவங்க வாங்க" என்று குரல் கொடுத்தார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். லாரி முதலாளி என் கையில் புதுத் துணியைக் கொடுத்தார். போர்த்தினேன். அவன் முகத்தைப் பார்க்காமல் போர்த்தினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர் போன பிறகு, அவன் மனைவி எங்களுக்குத் தேநீர் கொண்டு வந்தாள். அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அன்றும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"போன பூஜைக்கு நீங்க வருவீங்கன்னு ரொம்ப நம்புனாருண்ணே. மொத எடத்துல யாரு வண்டியயும் வுடல. தரையில நாலு எலுமிச்சம்பழம் வெச்சிட்டு ஒக்காந்திருந்தாரு. மத்தியானம் வரைக்கும்."

என் மனைவி நிமிர்ந்தாள். "நான்தான் வராதன்னுட்டேனே. அவன் எப்படி நம்புனான்?"

"அது இல்ல அண்ணி. அவரு என்னா சொல்லுவாரு தெரியுமா? 'மாமாகிட்ட அந்த மெஷினு இருக்குல்ல, நான் சொல்ல வேணாம், அதுவே அவருக்கு சொல்லிரும். சொன்ன அன்னிக்கி மாமா வந்துருவாரு. அவரு படிச்சவரு, நாயம் தெரிஞ்சவரு'ன்னு. ஒவ்வொரு தடவயும் ஒங்க கலர் காடி ரோட்டுல போனா எட்டிப் பாப்பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "அது சொல்லவே இல்லியாண்ணே?"

நான் தேநீரைக் குடித்தேன். மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

திரும்பும் வழியில், செம்பனைத் தோட்டங்கள் முடியும் இடத்தில் அவள் கேட்டாள்.

"அது போச்சா, இல்லியா?"

"போச்சி."

"எப்ப?"

காரை ஓரத்தில் நிறுத்தினேன். கைகளை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் சொன்னேன். ஆயர் குரோ கார் நிறுத்துமிடம், பச்சைத் திரை, அவள் தள்ளுவண்டியோடு வந்தது, நான் சொன்ன ஒரு சொல். எல்லாவற்றையும் சொன்னேன். நியாயம் எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்க எதுவும் இல்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தாள்.

"அன்னிக்கி சாயங்காலந்தான் நான் அவனுக்குப் போன் பண்ணேன்" என்றாள்.

"ஆமா."

"நீங்க கூடத்துலதான் இருந்தீங்க."

"ஆமா."

"'அக்கா, நான் தப்பு செய்யலக்கா'ன்னு மூணு வாட்டி சொன்னான். நான் போன வெச்சிட்டேன்."

கதவைத் திறந்து இறங்கினாள். நடந்து போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் பின் கதவைத் திறந்து, பின் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். "போங்க" என்றாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் முறைக்கு என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் ஜொகூரிலிருந்து வந்தார். நல்ல மனிதர். மாலையை எடுத்துக் கொடுக்கும்போது அவருக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. மகள் கண்ணால் காட்டினாள்.

வொர்க்‌ஷாப்பை இப்போது அவனிடம் வேலை செய்தவர் நடத்துகிறார். ஒருநாள் தனியாகப் போனேன். வாசலில் நின்று, அங்கே வந்திருந்தவர்கள் காதில் விழும்படி, அன்று நான் சொன்னது பொய், அவன் வேலை சுத்தம் என்று சொன்னேன். லாரி முதலாளி அங்கே இருந்தார். "அது எங்களுக்குத் தெரியும் வாத்தியாரே" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் தன் டயரைப் பார்க்கப் போய்விட்டார். பேசி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று நான் பேசியதை அங்கே யாருமே நம்பவில்லை. நம்பியது என் மனைவி ஒருத்திதான்.

ஸ்கேனரைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். இந்த வருட ஆயுத பூஜைக்கு நான் எதுவும் செய்யவில்லை. காலையில் கதவைத் திறந்தபோது நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் இருந்தது. அவள்தான் வைத்திருக்கிறாள். எனக்காக இல்லை என்று தெரியும். நான் காரை எடுத்தேன். பழங்கள் நசுங்கிய பிறகு நிறுத்தி, முன் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டேன்.

அவள் பையோடு வந்தாள். திறந்திருந்த முன் கதவைச் சாத்தினாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"பாசாருக்குத்தானே?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள்.